லாப்ராஸ்கோபி நன்றாக ஓடும் மருத்துவமனை ரோபாட் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: நடுத்தர மருத்துவமனை ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள். வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லாப்ராஸ்கோபி பல வருடமாக நன்றாக ஓடுகிறது. இப்போது சர்ஜன்கள், அதே துளை வழி வேலையைத் திரை முன் உட்கார்ந்து இயக்கிச் செய்யும் ரோபாட் வேண்டும் என்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி ஒரு தாளைக் காட்டி, வருடத்துக்கு இத்தனை கேஸ் செய்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார். அந்தத் தாளை நம்பலாமா?

ஆபரேஷன் தியேட்டர் செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இதுபோன்ற தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டல் பெருக்கலில் தப்பு இருக்காது. ஆனால் ஒரு வரி விடுபட்டிருக்கும்: ரோபாட்டில் செய்யப்போகும் அந்தக் கேஸ்கள் இன்று எப்படி நடக்கின்றன? வயிற்றைத் திறந்து செய்துகொண்டிருந்தது ரோபாட்டுக்கு மாறினால் கணக்கு ஒன்று. ஏற்கெனவே லாப்ராஸ்கோபியில் நடந்துகொண்டிருந்தது மாறினால் அது வேறு கணக்கு. முதலாவதில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் கையைக் கடிக்கும்.

முதலில் செலவு. பொதுவெளியில் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை, அதனால் டாலரிலேயே சொல்கிறேன். விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். டா வின்சி இயந்திரத்தைத் தயாரிக்கும் இன்டியூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு நிதி அறிக்கையை எடுத்துக்கொண்டு, சைல்டர்ஸ், மேகார்ட்-கிப்பன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அடுத்த வருடம் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். நிறுவனத்துக்கு வந்த பணத்தை, அந்த வருடம் உலகம் முழுக்க அந்த இயந்திரத்தில் நடந்த சுமார் 8,77,000 அறுவை சிகிச்சைகளால் வகுத்தார்கள். ஒரு கேஸுக்கு 3,568 டாலர் வந்தது. அதில் கருவிகளும் துணைப்பொருட்களும் 1,866, இயந்திரம் 1,038, பராமரிப்பு ஒப்பந்தம் 663. (கூட்டிப் பார்த்தால் ஒரு டாலர் இடிக்கும். முழு எண்ணாக்கியதில் வந்த வித்தியாசம்தான்.)

குழுக் கூட்டங்களில் எல்லோரும் இயந்திரத்தின் விலையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் பணத்தில் பாதிக்கு மேல் போவது கருவிகளுக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதேதான். 2024இல் அந்த நிறுவனத்தின் வருவாய் சுமார் 835 கோடி டாலர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், கருவி, பராமரிப்பு, வாடகை என்று திரும்பத் திரும்ப வருகிற பணம்.

இயந்திரமும் பராமரிப்பும் நிலையான செலவு. கேஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். கைக்கணக்குக்கு வசதியாக ஓர் உதாரணம்: இயந்திரம் 20 லட்சம் டாலர், எட்டு வருட ஆயுள், பராமரிப்பு வருடத்துக்கு ஒன்றரை லட்சம். வட்டியை விட்டுவிடுவோம். தேய்மானம் இரண்டரை லட்சத்தையும் சேர்த்து வருடத்துக்கு 4 லட்சம் டாலர். 100 கேஸ் செய்தால் தலைக்கு 4,000. 200 செய்தால் 2,000. 400 செய்தால் 1,000. பிரதிநிதி காட்டும் தாளில் எப்போதும் இந்தக் கடைசி எண்தான் இருக்கும். 400 கேஸ் என்றால் வாரத்துக்கு எட்டு, அதுவும் முதல் வருடத்திலிருந்தே. புதிதாகப் பழகும் குழுவுக்கு அது லேசில் வராது. ஒரு விஷயம் பாருங்கள்: 200ஐ 400 ஆக்கினால் தலைக்கு 1,000 டாலர் குறைகிறது, சரி. ஆனால் கருவிச் செலவு ஒரு கேஸுக்கு 1,800 என்றால், ஆயிரம் கேஸ் செய்தாலும் அது 1,800தான். எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை.

லாப்ராஸ்கோபியில் கேமரா, ஒளிமூலம், வாயு செலுத்தும் பெட்டி, திரை எல்லாம் சேர்ந்த டவரின் விலை ரோபாட் விலையில் ஒரு சிறு பங்கு. அதை எல்லாத் துறையும் பகிர்ந்துகொள்ளும். பழுதானால் பக்கத்துத் தியேட்டரிலிருந்து தள்ளிக்கொண்டு வரலாம். ஒரே ஒரு ரோபாட் வைத்திருக்கும் இடத்தில் அது நின்றால் அன்றைய பட்டியலே நின்றுவிடும்.

கருவி விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நிர்வாகத்தால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடிகிற இடம் இதுதான். ரோபாட் கருவி ஒவ்வொன்றிலும் ஒரு சிப் இருக்கிறது. செவிலியர் கருவியை ரோபாட் கையில் மாட்டியதும், இன்னும் எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்று திரையில் எண் வரும். நீண்ட காலம் பெரும்பாலான கருவிகளுக்குப் பத்து தடவைதான் ஆயுள். 2020 கடைசியில் சில முக்கியக் கருவிகளுக்கு அதை 12 முதல் 18 வரை உயர்த்தினார்கள். எண் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால், கத்தரி எவ்வளவு கூராக இருந்தாலும் இயந்திரம் அதை ஏற்காது. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகாமல் நேரே குப்பைக்குப் போகும். சாதாரண லாப்ராஸ்கோபி பிடிப்பானோ, மின்காப்பு உறையைச் சோதித்துச் சோதித்து நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வரும்.

இன்னொன்று, ஐந்து நிமிட வேலைக்கு எடுத்தாலும் ஒரு தடவை போனது போனதுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே மாதிரி ஹெர்னியாவை இரண்டு சர்ஜன்கள் ரோபாட்டில் செய்வார்கள். ஒருவர் கத்தரி, பைபோலார் பிடிப்பான் (மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்துவது), ஊசி பிடிப்பான் என்று மூன்று கருவியில் முடித்துவிடுவார். தைக்கும்போது இடது கையில் பைபோலாரையே வைத்துக்கொள்வார். மற்றவர் இரண்டாவது ஊசி பிடிப்பான், தனியாக ஒரு பிடிப்பான் எல்லாம் கேட்பார். சில நாள் ஒருமுறை மட்டும் பயன்படும் ரத்தக்குழாய் மூடும் கருவியும் பிரிக்கப்படும். இருவரின் நோயாளிகளும் ஒரே மாதிரித் தேறி வீட்டுக்குப் போவார்கள். பில்கள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். ஒவ்வொரு சர்ஜனுக்கும் அவரது கேஸ்களில் தலைக்கு எவ்வளவு கருவிச் செலவு ஆகிறது என்று மாதம் ஒரு தடவை அவர் கையில் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். திட்ட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் எண்ணையும் சேர்த்துக் காட்டினால் போதும். சர்ஜன்களின் ரோஷத்தைவிடச் சிறந்த செலவுக் கட்டுப்பாடு நான் பார்த்ததில்லை.

லாப்ராஸ்கோபி மட்டும் சும்மா வருகிறதா என்றால், அதுவும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் ட்ரோகார் (துளையில் செருகும் குழாய்), அல்ட்ராசானிக் கத்தரி, ஸ்டேப்ளர் எல்லாம் அங்கேயும் பணம் தின்னும். ஹெர்னியா வலையைப் பொருத்த லாப்ராஸ்கோபியில் டாக்கர் (வலையை அடித்துப் பொருத்தும் கருவி) வேண்டியிருக்கும் பல இடங்களில், ரோபாட்டில் சாதாரண நூலால் தைத்துவிடலாம். ஒப்பிடும்போது இரண்டு பக்கத்துத் தட்டிலும் உண்மையில் என்ன இருந்தது என்று பார்த்தே ஒப்பிட வேண்டும். ரோபாட்டை எதிர்ப்பவர்கள் போடும் கணக்கில் இந்த டாக்கர் எப்போதும் காணாமல் போயிருக்கும்.

அடுத்து நேரம். ரோபாட்டில் கைகளுக்கெல்லாம் டிரேப் (கிருமி நீக்கிய உறை) போட வேண்டும், நோயாளியின் மேல் கொண்டுவந்து டாக் செய்ய வேண்டும், அதாவது துளைகளில் உள்ள குழாய்களோடு இணைக்க வேண்டும். பழகிய குழு இதைச் சில நிமிடத்தில் முடிக்கும். தினம் ஒரு புது ஆள் வந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். கலிபோர்னியா மருத்துவமனைகளின் 2014ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்துப் பார்த்ததில் தியேட்டரின் ஒரு நிமிடம் 36, 37 டாலர் என்று வந்தது. அந்தக் கணக்கில் அரை மணி நேரம் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் இந்த நிமிடக் கணக்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. சம்பளமும் கட்டடமும் எப்படியும் ஓடுகிறவை. அரை மணி கூடியதால் மாலையில் ஒரு கேஸ் தள்ளிப்போனால், அல்லது ஓவர்டைம் கொடுக்க வேண்டி வந்தால்தான் அது நிஜப் பணம். மூன்று மணிக்கே காலியாகிவிடும் தியேட்டரில் அரை மணி நேரம் கூடினால் யாருக்கும் எதுவும் ஆகாது.

படுக்கை நாளுக்கும் இதே விதிதான். விற்பனைத் தாளில் மிகவும் ஏமாற்றும் வரி இதுதான் என்று சொல்வேன். "ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பலாம், ஒரு நாள் படுக்கைச் செலவு மிச்சம்" என்று போட்டிருக்கும். காலியான படுக்கையில் வேறொருவர் வந்து படுத்தால்தான் அது வருமானம். செவிலியர் எண்ணிக்கையும் குறையாமல், படுக்கையும் காலியாகக் கிடந்தால், மிச்சமாவது சாப்பாடும் மருந்தும் மட்டும். அதோடு, எதைவிட ஒரு நாள் முன்னதாக என்று கேட்க வேண்டும். திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் பல நாள் வித்தியாசம் வரும். லாப்ராஸ்கோபியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சில மணி நேரம். தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று ரோபாட் விளம்பரத்தில் வருவதெல்லாம் துளை வழி அறுவை சிகிச்சைக்கே உள்ள பலன். அதில் பெரும்பங்கை உங்கள் லாப்ராஸ்கோபி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகளும் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கர்ப்பப்பை நீக்கம் செய்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை வைத்து 2013இல் ஜாமா இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2007இல் 0.5 சதவீதமாக இருந்த ரோபாட்டின் பங்கு 2010இல் 9.5 சதவீதம் ஆகியிருந்தது. சிக்கல்கள் ரோபாட்டில் 5.5 சதவீதம், லாப்ராஸ்கோபியில் 5.3. செலவு மட்டும் ரோபாட்டில் கேஸுக்கு 2,189 டாலர் கூடுதல். சிறுநீரகத்தை முழுதாக நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி 2017இல் வந்த ஆய்விலும் இதே கதை: நான்கு மணி நேரத்தைத் தாண்டியவை ரோபாட்டில் 46.3 சதவீதம், லாப்ராஸ்கோபியில் 25.8. செலவு வித்தியாசம் சுமார் 2,700 டாலர்.

மலக்குடல் புற்றுநோய்தான் கொஞ்சம் சுவாரசியமான இடம். குறுகிய இடுப்புக்குள் ஆழத்தில் வேலை செய்ய வேண்டும். லாப்ராஸ்கோபியின் நேரான, மடங்காத கருவிகள் அங்கே உண்மையிலேயே திணறும். ரோபாட் இங்கே ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 471 நோயாளிகளோடு நடந்த ரோலார் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது ரோபாட்டில் 8.1 சதவீதம், லாப்ராஸ்கோபியில் 12.2. ரோபாட் பக்கம் குறைவாகத் தெரிந்தாலும் புள்ளியியல் கணக்கில் அது நிற்கவில்லை. செலவு ரோபாட்டில் சுமார் ஆயிரம் பவுண்டு அதிகம். பிறகு 2022இல் சீனாவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு ரியல் ஆய்வின் முதல் முடிவுகள் வந்தன. வெட்டிய விளிம்பில் புற்று மிஞ்சியிருந்தது ரோபாட்டில் 4.0 சதவீதம், லாப்ராஸ்கோபியில் 7.2. இதை ஒதுக்கிவிட முடியாது. கைதேர்ந்த குழுவிடம், கடினமான கேஸில் இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

ப்ராஸ்டேட் கதையும் இதனோடு சேர்ந்தது. லாப்ராஸ்கோபியில் ப்ராஸ்டேட் நீக்கம் செய்வது கைவந்த சிலருக்கே முடிந்த வேலை. சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் அந்த ஆழத்தில் சேர்த்துத் தைப்பது அவ்வளவு கடினம். 2000இல் டா வின்சிக்கு அமெரிக்க அனுமதி கிடைத்த பிறகு, இந்த அறுவை சிகிச்சையில் ரோபாட் பெரும்பாலும் இடம்பெயர்த்தது திறந்து செய்யும் முறையைத்தான். ரோபாட் முதலில் காலூன்றியது இங்கே என்பது தற்செயல் இல்லை.

இனி வரவு. பல நாடுகளில் அரசோ காப்பீடோ, நோய்க்கும் அறுவை சிகிச்சைக்கும் ஒரே தொகையாகக் கொடுக்கிறது. எந்தக் கருவியில் செய்தீர்கள் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ரோபாட்டைக் குறிக்க எஸ்2900 என்று ஒரு குறியீடே உண்டு, ஆனால் அதைப் போட்டால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கூடுதலாக ஒன்றும் தராது. ஜப்பான் 2012இல் ப்ராஸ்டேட்டுக்கு ரோபாட்டைக் காப்பீட்டில் சேர்த்தது. 2018இல் மேலும் பன்னிரண்டு அறுவை சிகிச்சைகளைச் சேர்த்தபோது, பெரும்பாலும் லாப்ராஸ்கோபிக்குக் கொடுத்த அதே கட்டணத்தையே வைத்தது. தொகை ஒன்றே என்றால், லாப்ராஸ்கோபியிலிருந்து ரோபாட்டுக்கு மாறும் ஒவ்வொரு கேஸிலும் உங்கள் லாபம் கூடுதல் கருவிச் செலவு அளவுக்குக் குறையும். நோயாளியிடமே வாங்கும் இடங்களில் வித்தியாசத்தை அவர் தலையில் கட்டலாம்தான். எத்தனை பேர் கட்டுவார்கள், கட்டச் சொல்வது நியாயமா என்பது தனிக் கேள்வி.

"புது நோயாளிகள் வருவார்கள்" என்பது அடுத்த வாதம். கொஞ்சம் வருவார்கள், மறுக்கவில்லை. ரோபாட் இருந்தால்தான் வருவேன் என்று சொல்லும் இளம் சர்ஜன்களும் உண்டு. பயிற்சியே அதில் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் ரோபாட் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் எப்படியும் உங்களிடமே வந்து லாப்ராஸ்கோபி செய்திருப்பார்கள் என்று கழித்துவிட்டே எண்ண வேண்டும். இடது சட்டைப் பையிலிருந்து வலது பைக்கு மாற்றிய பணத்தை வருமானம் என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. யானையைக் கட்டிவிட்டால் தீனி போட்டாக வேண்டும். கடினமான கேஸ்கள் வாரத்துக்கு இரண்டுதான் வருகின்றன. இயந்திரம் மற்ற நாட்களில் சும்மா நிற்கிறது. மாதாந்திரக் கூட்டத்தில் "பயன்பாடு ஏன் குறைவு" என்று நீங்களே கேட்பீர்கள். அடுத்த மாதத்திலிருந்து பித்தப்பையும் சாதாரண ஹெர்னியாவும் ரோபாட்டுக்கு வரும். பயன்பாட்டு வரைபடம் அழகாக ஏறும், தலைக்கு நிலையான செலவு இறங்கும், மொத்தச் செலவு கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவமனைகளில் பொது அறுவை சிகிச்சையில் ரோபாட்டின் பங்கு 2012இல் 1.8 சதவீதமாக இருந்தது, 2018இல் 15.1 சதவீதமானது. இதில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. 2023இல் ஜாமா சர்ஜரி இதழில் மெடிகேர் பதிவுகளை வைத்து வந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தே சரிசெய்ய வேண்டிய பித்தநாளக் காயம் ரோபாட் பித்தப்பை நீக்கத்தில் 0.7 சதவீதம், லாப்ராஸ்கோபியில் 0.2 என்று வந்தது. அப்படி ஒரு காயம் பட்டால் நோயாளி படும் பாடு ஒருபுறம் இருக்க, நீங்கள் பல மாதம் சேர்த்த லாபமும் அந்த ஒரு கேஸில் போய்விடும். லாப்ராஸ்கோபி பித்தப்பை நீக்கம் 1985இல் ஜெர்மன் சர்ஜன் எரிக் மூஹே தொடங்கி வைத்து, இன்று உலகம் முழுக்க மலிவாக, நன்றாக நடக்கிற ஒன்று. அங்கே சரிசெய்ய எதுவும் பெரிதாக இல்லை.

ஒரு துறையை நம்பி வாங்குவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான விரிவான கர்ப்பப்பை நீக்கத்தில், 631 பெண்களோடு நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. நோய் திரும்பாமல் நாலரை வருடம் இருந்தவர்கள் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியில் 86.0. இதில் லாப்ராஸ்கோபியும் ரோபாட்டும் சேர்த்தே அடக்கம். பல இடங்களில் அந்தக் கேஸ்கள் மறுபடி திறந்த முறைக்கே போயின. லாப்ராஸ்கோபி டவருக்கு அதனால் நஷ்டமில்லை, வேறு வேலை பார்க்கும். அந்த எண்ணிக்கையை நம்பி எட்டு வருடக் கடன் வாங்கியவருக்கு?

வாங்காமல் வாடகைக்கு எடுப்பது இப்போது சகஜம். இன்டியூட்டிவ் நிறுவனமே சமீப வருடங்களில் வைக்கும் இயந்திரங்களில் ஏறக்குறைய பாதியை வாடகை முறையில்தான் தருகிறது. கேஸுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தமும் உண்டு. உங்கள் அளவு மருத்துவமனைக்கு நான் அதைத்தான் சொல்வேன். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற ஷரத்தை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். மெட்ரானிக்கின் ஹ்யூகோ, பிரிட்டனின் வெர்சியஸ், ஜப்பானின் ஹினோடோரி, இந்தியாவின் எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்று போட்டி வந்துவிட்டதால் பேரம் பேச முன்பைவிட இடம் இருக்கிறது. பேசும்போது இயந்திர விலையில் தள்ளுபடி கேட்டு நிற்காதீர்கள். கருவியின் விலை எத்தனை வருடத்துக்கு ஏறாது என்று எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை. தியேட்டர் பதிவேட்டை எடுத்து, கடந்த இரண்டு வருட கேஸ்களை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: லாப்ராஸ்கோபியில் முடிந்தவை, லாப்ராஸ்கோபியில் தொடங்கிப் பாதியில் திறந்தவை, முதலிலேயே திறந்து செய்தவை. கடைசி இரண்டு பத்திகளையும் சர்ஜன்களிடம் கொடுத்து, இதில் எவை ரோபாட் இருந்திருந்தால் துளை வழியாகவே முடிந்திருக்கும் என்று கேஸ் கேஸாகக் குறிக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் பக்கத்தில் எழுதட்டும். பொத்தாம் பொதுவாக "எல்லாமே" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரு நாள் மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். கிடைக்கும் எண்ணை ஒரு வருடத்துக்கு வகுத்துக்கொண்டு, அதை மட்டும் வைத்துத் தாளை மறுபடி போட்டுத் தரும்படி அந்தப் பிரதிநிதியிடமே கேளுங்கள்.